ஆள் புழக்கம்

அந்த ஊர்ப் புயல்களுக்கு வாசிக்கத் தெரியும் என்பது, காப்பீட்டுக் கம்பெனி அங்கே கிளை திறந்த இரண்டாவது வருஷமே எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. அதற்கு முன்பெல்லாம் வருஷத்துக்கு மூன்று புயல் வரும், கையில் அகப்பட்ட கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும், இருக்கிறவன் இல்லாதவன் என்று பார்க்காது. யாரும் அதன்மேல் வருத்தப்பட்டதில்லை. கம்பெனிக்காரர்கள் வந்து கூரைக்குப் பத்திரம் எழுதிக் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் புயல்கள் நிதானப்பட்டன. மரக்கடைக்காரரின் பத்திரத்தில் 'கூரை முழுவதும் போனால்' என்று இருந்தது. புயல் ஒரே ஒரு ஓட்டுத் துண்டை மட்டும் நட்டநடுவில் அலுங்காமல் விட்டுவைத்து மீதியைக் கொண்டுபோயிற்று. முடிதிருத்துபவரின் பத்திரத்தில் 'காற்றினால்' என்று இருந்தது. அவர் வாசலுக்கு வந்ததும் காற்று நின்றுவிட்டது, வெறும் மழை மட்டும் பெய்து கூரையைச் சாவகாசமாகக் கழற்றியது. பல் டாக்டர் வாடகைக்கு விட்டிருந்த மாடிக்கு 'கூரை வீட்டு எல்லைக்கு வெளியே போய் விழுந்தால்' என்று எழுதியிருந்தார்கள். மறுநாள் காலையில் அவருடைய கூரை, சலவைக்குப் போய்வந்த துணி மாதிரி நான்காக மடிக்கப்பட்டு, அவருடைய கொல்லைப்புறத்திலேயே இருந்தது. இதற்கெல்லாம் ஜனங்கள் ஒரு வாரம் வாயைப் பிளந்தார்கள். அப்புறம் பழகிவிட்டது. மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் பூதக்கண்ணாடி விற்றே ஒரு மாடி எழுப்பினார். புயல் மாதங்கள் வந்தால் ஆளாளுக்குப் பத்திரத்தை எடுத்துவைத்துக்கொண்டு, புயல் அதில் எந்த வரியைப் பிடித்துக்கொள்ளும் என்று யோசித்துக் குழம்பினார்கள். ஒன்று மட்டும் உறுதி: பத்திரத்தில் காப்பு உண்டு என்று இருப்பதைப் புயல் தொடவே தொடாது. அந்த விஷயத்தில், சும்மா சொல்லக் கூடாது, மனுஷரைவிட நாணயம்.

கண்டக்டரம்மாவுக்குப் பத்திரம் இரண்டு. இருபத்தெட்டு வருஷம் டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். விசில் இன்னும் கழுத்தில்தான் தொங்கும், அதே கயிற்றில் வீட்டுச் சாவிகளும் தொங்கும். எங்கே போனாலும் வாசற்படியில் நின்று உள்ளே ஒரு பார்வை பார்ப்பார், தலை எத்தனை என்று மனசுக்குள் விழுந்துவிடும். ஆஸ்பத்திரி வராந்தாவில் முப்பத்தொன்று, தபால் ஆபீஸில் ஒன்பது. தப்பவே தப்பாது. ஓய்வுப் பணத்தில் அடுத்தடுத்து இரண்டு வீடு வாங்கினார். ஒற்றை அறையும் அடுப்படியும் கொண்ட சின்ன வீட்டில் தான் இருந்துகொண்டு, பெரிய வீட்டை மகனுக்குக் கொடுத்தார். பெரிய வீட்டின் பழைய ஓட்டுக் கூரை ஒரு புயலில் போனதும், வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்த மகன் தன் கையாலேயே தகரக் கூரை போட்டான். அவன் மேலே, அவன் மனைவி ஏணிக்குக் கீழே. அவள் கொக்கி போல்ட்டும் ரப்பர் வாஷரும் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, ஒன்பது நாளில் நாற்பத்திரண்டு தகரம் ஏறியது. தகரம் வாங்கியது அவள் கை வளையலை விற்று. கடைக்காரர் பில்லும் அவள் பெயரிலேயே போட்டுக் கொடுத்தார். அளவுகளையெல்லாம் மகன் நடு விட்டத்தில் பென்சிலால் குறித்துவைத்திருந்தான். அளவுகளுக்கு நடுவே ஓர் இடத்தில், 'கீழே இருப்பவரே, டீ எங்கே?' என்றும் எழுதியிருந்தான்.

கூரை போட்ட இரண்டாம் வருஷம் மஞ்சள் காமாலை வந்து நாலே நாளில் அவன் போய்விட்டான். அதற்கு அடுத்த மாதம், துக்கத்தில் புத்தி பேதலித்த இரண்டு பேர் ஒருத்தரையொருத்தர் கடித்துக் குதறுகிற மாதிரி மாமியாரும் மருமகளும் சண்டை போட்டார்கள். எதில் ஆரம்பித்தது என்று யாருக்கும் நினைவில்லை, ஒரு பாத்திரம் விஷயமாக இருக்கலாம். முடிந்தது மட்டும் தெருவுக்கே நினைவிருந்தது. கூரையே என் வளையல்தான், பில்லு என் பேர்லதான் இருக்கு என்று மருமகள் சொல்லிவிட்டாள். அதற்குக் கண்டக்டரம்மா, ஓடுகிற பஸ்ஸில் கடைசி சீட்டுவரை கேட்கிற குரலில், "அப்ப கூரையைக் கழட்டி எடுத்துக்கிட்டு எறங்கு! நீ யாரு எனக்கு? என் வயித்துல பொறந்தவளா? வெளியாளு!" என்றார். அன்று மத்தியானமே மருமகள் ஒரு பெட்டியோடு இறங்கிப் போனாள். கூரையை எடுத்துப் போகவில்லை, பில்லை எடுத்துக்கொண்டு போனாள். அதே ஊரில், கடைத்தெருவின் மறுகோடியில் இஸ்திரிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, கடைக்குப் பின்னாலேயே ஓர் அறையில் இருந்தாள். ஐந்து வருஷம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சின்ன ஊரில் அது லேசுப்பட்ட வேலையில்லை.

பெரிய வீட்டுக்கு ஒரு வாத்தியார் தம்பதி வாடகைக்கு வந்தார்கள். அந்த வருஷம் புயல் மாதம் தொடங்குகிற நேரம் பார்த்து அவர்களுக்கு மாற்றல் வந்தது. சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டு, சாயங்காலம் சரியாக நாலு மணிக்குச் சாவியைக் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் புயல் வந்தது. வந்து, வீசவில்லை. தெருக்கோடியில் இருக்கும் காலி மைதானத்தில் நின்றது. சாம்பல் நிறத்தில், நாலு மாடி உயரத்தில், இருந்த இடத்திலேயே மெதுவாகச் சுற்றிக்கொண்டு நின்றது. ரேடியோவில் 'புயல் நிலைகொண்டுள்ளது' என்றார்கள். வழக்கமாகக் கடலில் எங்கேயோ நிலைகொண்டிருப்பதைச் சொல்வார்கள். இந்தத் தடவை தெருக்கோடியில் என்பதுதான் வித்தியாசம்.

கம்பெனி ஏஜென்ட் அன்றே சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். எது கேட்டாலும் 'அது இன்ன ஷரத்துல வருது' என்பதால் அவருக்கு ஷரத்து என்றே பெயர். கெட்ட மனுஷர் இல்லை, வேலை அப்படி. சின்ன வீட்டுத் தரையில் இரண்டு பத்திரத்தையும் விரித்தார். சின்ன வீட்டுப் பத்திரத்தில் பிரச்சினை எதுவும் இல்லை: உரிமையாளரும் குடும்பத்தாரும் குடியிருக்கிற வீடு, அவர்களுடைய உடைமை எதுவானாலும், அந்த வீட்டில் இருக்கும்வரை, காப்பு உண்டு. பெரிய வீடு வாடகை வீடு. அதன் ஏழாம் ஷரத்தை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார்: தொடர்ந்து முப்பது நாள் ஆள் புழக்கம் இல்லாத வாடகை வீட்டின் கூரைக்குக் காப்பு இல்லை.

"ஆள் புழக்கம்தானே வேணும்? நான் போய்ப் படுத்துக்கறேன், விடுங்க" என்றார் கண்டக்டரம்மா.

"அது செல்லாதுக்கா. அடுத்த வரியைப் பாருங்க. உரிமையாளரோ குடும்பத்தாரோ தங்கினா அது ஆள் புழக்கம் ஆகாது. வாடகை ஒப்பந்தம் போட்ட வெளியாள் வேணும். அதையும் நம்ம சர்வேயர் நேர்ல வந்து பாத்து, கையெழுத்துப் போடணும். முப்பது நாள் முடியறதுக்குள்ள."

"முடிஞ்சா?"

ஷரத்து ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்தார். அது அங்கே நின்று நாளை எண்ணிக்கொண்டிருந்தது. முப்பதாம் நாள் சாயங்காலம் நாலு மணி வரைக்கும் அதற்கு ஒரு அவசரமும் இல்லை.

கண்டக்டரம்மா கணக்குப் போட்டுப் பார்த்தார். வாடகை போனால் போகட்டும், பென்ஷன் இருக்கிறது. ஆனால் அந்தக் கூரை போனால் மகன் கை பட்டது என்று இந்த உலகத்தில் இன்னொன்று இல்லை. அவனுடைய சட்டைகளைக்கூட அந்தச் சண்டை நாளின் ஆத்திரத்தில் யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டார். வாடகை வாங்கப் போகிற சாக்கிலும், வீடு காலியான பிறகு தினமும் விடிந்ததும் திறந்தும், பெரிய வீட்டு நடு அறையில் நின்று, தலையை அண்ணாந்து அந்தப் பென்சில் எழுத்தைப் பார்த்துவிட்டு வருவதை ஐந்து வருஷமாக யாருக்கும் சொன்னதில்லை. வாத்தியார் மனைவி மட்டும், ஏன் இந்தம்மா வாடகை வாங்க வந்தால் விட்டத்தையே பார்க்கிறாள் என்று கேட்டிருக்கிறாள்.

'வீடு வாடகைக்கு' என்று பலகை மாட்டினார். புயல் மாதத்தில் எவன் வீடு மாற்றுவான்? அப்படியும் வந்தார்கள். ஐந்தாம் நாள் ஒரு கம்பவுண்டர் வந்தார், குழாயைத் திறந்து பார்த்தார், ஜன்னலைத் திறந்தார், மைதானத்தில் நின்றதைப் பார்த்தார், செருப்பைக்கூட விட்டுவிட்டுப் போனார். ஒன்பதாம் நாள் புதுசாய்க் கல்யாணமான ஒரு ஜோடி வந்து, காற்றோட்டம் நன்றாயிருக்கிறதே என்று சந்தோஷப்பட்டது. காற்று எங்கிருந்து வருகிறது என்று காட்டியதும் அவர்களையும் காணவில்லை. பதினான்காம் நாள் காது கேளாத ஒரு ரிட்டயர்டு குமாஸ்தா எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினார், ஒப்பந்தம்கூட எழுதியாயிற்று. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தபோது புயல் லேசாகத் தொண்டையைக் கனைத்தது. அவருக்கே கேட்டுவிட்டது.

இதற்குள் தெருவில் எல்லோருடைய தலைமுடியும் ஒரே பக்கமாகச் சாய்ந்து பழகிவிட்டது. கொடியில் துணி போட்டால் படுக்கைவாட்டில் காய்ந்தது. ஜனங்கள் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார்கள், வந்தார்கள். யாராவது சத்தமாகத் தேதி சொன்னால் மற்றவர்கள் உஷ் என்றார்கள். பக்கத்து வீட்டு நர்ஸ் ஒருநாள் மதில் மேல் எட்டிப் பார்த்து, "எல்லாரையும் கேட்டீங்க. கடைத்தெருக் கோடியில கேட்டீங்களா?" என்றாள். கண்டக்டரம்மா காதில் வாங்காத மாதிரி உள்ளே போய்விட்டார். ஆனால் அன்று ஷரத்து வந்தபோது, ஏதோ பொழுதுபோகாமல் கேட்பது போலக் கேட்டார்.

"தம்பி, குடும்பத்தார்னா யார் யாருன்னு போட்டிருக்கு?"

"கணவர், மகன், மகள். அவ்வளவுதான்."

"மருமக?"

ஷரத்து பூதக்கண்ணாடியை வைத்து நாலாம் பக்கத்தை இரண்டு தடவை வாசித்தார். "மருமக இல்லக்கா. பத்திரப்படி அவங்க வெளியாளு." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. கண்டக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இருபத்தோராம் நாள் மத்தியானம் கண்டக்டரம்மா இஸ்திரிக் கடைக்குப் போனார். சும்மா போக வெட்கமாக இருந்ததால், ஏற்கெனவே இஸ்திரி போட்ட ஒரு புடவையைக் கசக்கி எடுத்துக்கொண்டு, வரிசையில் நின்றார். வரிசையில் நாலு பேர். கரிப் பெட்டிக்குப் பின்னால் மருமகள், ஐந்து வருஷத்தில் இளைத்துப்போய், முன்கையில் மூன்று சூட்டுத் தழும்போடு நின்றாள். முறை வந்ததும் புடவையை வாங்கி விரித்தாள். ஆள் யார் என்று நிமிர்ந்து பார்க்காமலே தெரிந்துகொண்டாள், அந்த விசிலும் சாவியும் உரசுகிற சத்தம் போதும்.

"புயலு உங்க வீட்டுக்குத்தான் நிக்குதாமே" என்றாள்.

"ஆமா."

"எத்தனை நாள் பாக்கி?"

"ஒம்போது." கண்டக்டரம்மா அதற்கு மேல் எத்தனையோ யோசித்து வைத்திருந்தார். "வெளியாள்தான் வேணுமாம்" என்று மட்டும் சொன்னார்.

மருமகள் புடவையை இஸ்திரி போட்டு முடித்தாள். ஓரம் ஓரமாய், மடிப்பு மடிப்பாய், கொஞ்சமும் அவசரப்படாமல். பின்னால் நின்ற ஆள் பொறுமையிழந்து கனைத்தார். "வரேன்" என்றாள் கடைசியில். "உங்களுக்காக இல்ல. அவரு போட்ட கூரை. ஒப்பந்தம் முறைப்படி எழுதணும். வாடகை நான் கொடுப்பேன், ஒண்ணாந் தேதி கறாரா வாங்கிக்கணும். அப்புறம், அத்தைன்னு கூப்பிட மாட்டேன். வீட்டுக்காரம்மான்னுதான் கூப்பிடுவேன்." அப்படியே ஒப்பந்தமாயிற்று. புடவைக்கும் காசு வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் அதே பெட்டியோடு அவள் வந்து இறங்கினாள். மைதானத்தில் நின்றது சுற்றுவதை ஒரு நொடி நிறுத்தியது என்று நர்ஸ் சொன்னாள். ஆனால் போகவில்லை. சர்வேயர் கையெழுத்துப் போடும்வரை எதையும் நம்பாது போலிருக்கிறது. ஷரத்து தலைமை ஆபீஸுக்கு எழுதினார், தந்தியும் கொடுத்தார். சர்வேயருக்கு ஊரெல்லாம் வேலை, புயல் மாதம் அல்லவா, முப்பதாம் நாள்தான் வர முடியும் என்று பதில் வந்தது. முப்பதாம் நாள் எத்தனை மணிக்கு என்பது பதிலில் இல்லை.

அந்த எட்டு நாள், ஒரே சுவரின் இரண்டு பக்கமும் இரண்டு பேர் நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். காலையில் கண்டக்டரம்மா பெரிய வீட்டு வாசற்படியில் நின்று உள்ளே பார்ப்பார். ஒன்று. அந்த ஒன்றை எண்ணிவிட்டுப் போனால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கியது. "குடிதண்ணி சரியா வருதா?" என்பார். "வருதுங்க வீட்டுக்காரம்மா" என்பாள் அவள். அந்த 'ங்க' ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று குத்தும். குத்தட்டும், நாம் குத்தாததா என்று திரும்பி வருவார். இருபத்தாறாம் நாள் கதவு திறந்திருந்தது. மருமகள் ஏணியில் ஏறி, விட்டத்துக்குப் பக்கத்தில் துருப்பிடித்த கொக்கி போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கி எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். ஏணி ஆடியது. கண்டக்டரம்மா போய் ஏணியைப் பிடித்துக்கொண்டார். ஒரு மணி நேரம் பிடித்தபடியே நின்றார். இறங்குகிற நேரத்தில் மேலிருந்து மருமகளின் குரல், "கீழ இருக்கறவரே, டீ எங்கேன்னு எழுதிவெச்சிருக்காரு பாத்தீங்களா?" என்று கேட்டது. "தெனமும் பாக்கறேன்" என்றார் கண்டக்டரம்மா. அப்புறம் சின்ன வீட்டுக்குப் போய் இரண்டு டம்ளர் டீ போட்டுக்கொண்டு வந்தார். குடித்தார்கள். அன்று அவ்வளவுதான்.

முப்பதாம் நாள் விடிந்ததிலிருந்தே புயல் எழுந்து நின்றுவிட்டது. நாலு மாடி இருந்தது ஏழு மாடி ஆயிற்று. மத்தியானம் மைதானத்தை விட்டு நகர்ந்து தெருவுக்குள் வந்து, ஒவ்வொரு வீடாகத் தாண்டி, மூன்றரை மணிக்குப் பெரிய வீட்டு வேலியோரமாக வந்து நின்றது. மற்ற வீடுகளில் ஓர் இலைகூட அசையவில்லை. சர்வேயர் வரவில்லை. ஷரத்து தெருமுனைக்கும் வாசலுக்குமாக நடந்து நடந்து செருப்பு வாரை அறுத்துக்கொண்டார். மூன்று நாற்பதுக்குப் பஸ் வந்தது. கையில் டேப்பும் கக்கத்தில் படிவக் கட்டுமாக ஓர் ஒல்லி மனுஷர் இறங்கி, வேலியோரம் நின்றதைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். தொழில்முறையில் பழக்கம்.

அவர் அவசரமே படவில்லை. கூரையின் நீளம் அளந்தார், அகலம் அளந்தார். அடுப்பைத் தொட்டுச் சூடு பார்த்தார், கொடியில் ஈரத்துணி இருக்கிறதா என்று பார்த்தார். ஆள் புழக்கம் இருக்கிறது என்று எழுதிக்கொண்டார். வாடகை ஒப்பந்தத்தையும், அடையாளத்துக்கு மருமகள் கொடுத்த பழைய தகரக்கடைப் பில்லையும் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். மூன்று ஐம்பத்திரண்டுக்குக் கடைசிப் பக்கத்துக்கு வந்தார்.

"இதுல ரெண்டு கட்டம்தான் இருக்கு. குடியிருக்கறவங்க வெளியாளா, குடும்பமா? உரிமையாளர் வாயால சொல்லணும்."

வேலியோரம் நின்றது, சத்தமில்லாமல், ஜன்னல் கம்பி வரைக்கும் குனிந்தது. படிவத்தின் ஓரம் படபடத்தது. ஷரத்து கண்டக்டரம்மாவின் பின்னால் நின்று, 'வெளியாள், வெளியாள்' என்று வாயை மட்டும் அசைத்தார். மருமகள் எதிரே நின்றாள். தலையைக் குனிந்துகொண்டு, கைகளைக் கோத்துக்கொண்டு, அந்த வார்த்தைக்குத் தயாராக நின்றாள். சொல்லுங்க, பரவாயில்ல என்பது போல லேசாகத் தலையையும் ஆட்டினாள். கண்டக்டரம்மா வாயைத் திறந்தார். ஐந்து வருஷத்துக்கு முன்னால், இதே அறையில், இதே இடத்தில் இவள் இப்படியேதான் நின்றாள் என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. மேலே பார்த்தார். பென்சில் எழுத்து இருந்தது. கீழே இருந்தவளைப் பார்த்தார். டீ எங்கே என்று அவன் கேட்டது இவளைத்தான், கூரையை அல்ல. ஒரு தடவை சொன்னதற்கே ஐந்து வருஷம் ஆகியிருக்கிறது. இன்னொரு தடவை சொல்ல நாக்கு வந்தால் அந்த நாக்கை அறுத்துப் போட வேண்டியதுதான்.

"குடும்பம்" என்றார். "என் பொண்ணு. மகள்னே போட்டுக்குங்க."

"ஐயோ அக்கா!" என்று ஷரத்து தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சர்வேயர், "நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்றார். "இருபத்தெட்டு வருஷம் டிக்கெட் கொடுத்திருக்கேன். கொடுத்ததைத் திருப்பி வாங்கற பழக்கமில்ல" என்றார் கண்டக்டரம்மா. சர்வேயர் கட்டத்தில் அழுத்தமாக ஒரு கோடு போட்டு, எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். மணி நாலு.

கூரை போனது. சத்தம் போடாமல், ஒரு தகரம் வளையாமல், நாற்பத்திரண்டும் நடு விட்டத்தோடு சேர்ந்து ஒரே பலகையாக மேலே எழுந்தது. வாசலில் நின்ற மருமகள், "அத்தே! அவரு கூரை!" என்று அலறினாள். ஐந்து வருஷம் கழித்து அந்த வார்த்தை வந்தது. கண்டக்டரம்மா அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். புயல் கூரையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கடல் பக்கமாகத் திரும்பியது. கடல் பக்கம் போக வேண்டுமானால் சின்ன வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். கூரை சின்ன வீட்டுக்கு நேர் மேலே வந்தபோது மருமகள் கையை உதறிக்கொண்டு நடுத்தெருவுக்கு ஓடினாள், அந்தப் பழைய பில்லை இரண்டு கையாலும் விரித்து மேலே தூக்கிப் பிடித்தாள்.

"படிக்கத் தெரியும்ல? படி! யார் பேரு போட்டிருக்குன்னு படி!"

அதே நொடியில் கண்டக்டரம்மா, தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, கழுத்து விசிலை எடுத்து ஒரு விசில் அடித்தார். ஒரு விசில் என்றால் நிறுத்து.

புயல் நின்றது. விசிலுக்குத்தான் நின்றது என்று தெருவில் பாதிப் பேர் இன்றைக்கும் சொல்கிறார்கள். ஷரத்து ஒத்துக்கொள்ள மாட்டார், அது சின்ன வீட்டுப் பத்திரம்தான் என்பார். மகள் என்று கட்டத்தில் கோடு விழுந்துவிட்டது. மகளுடைய பெயரில் பில் இருக்கிறது, ஆகவே கூரை குடும்பத்தாரின் உடைமை. அந்த உடைமை சின்ன வீட்டு எல்லைக்குள் வந்த கணமே அதற்குக் காப்பு உண்டு. காப்பு உள்ளதைப் புயல் தொடாது, ஆனால் கையிலேயே வைத்திருக்கிறதே, என்ன செய்யும் பாவம்? முக்கால் மணி நேரம் கூரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் தவித்தது. காகிதம் புரளுகிற சத்தம் மேலேயிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. அதன் திண்டாட்டத்தைப் பார்க்கப் பொறுக்காமல் சர்வேயர், "பதினொண்ணாம் பக்கமும் பாரு" என்று அண்ணாந்து குரல் கொடுத்தார். கடைசியில், தூங்குகிற குழந்தையைப் படுக்கவைப்பது போல, பெரிய வீட்டுக் கூரையைச் சின்ன வீட்டுக் கூரையின் மேல் இறக்கிவைத்தது. கொக்கி போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திருகியும் விட்டது. கண்டக்டரம்மா இரண்டு விசில் கொடுத்தார், ரைட். புயல் தெருவை விட்டு ஒதுங்கி, எங்கேயோ போய்க் கரையைக் கடந்தது.

மறுநாள் காலையில் கண்டக்டரம்மா சின்ன வீட்டு வாசற்படியில் நின்று, பழக்க தோஷத்தில் உள்ளே பார்த்தார். தலை ஒன்று, மருமகளுடையது, அடுப்படியில். தானும் உள்ளே போய், இரண்டு என்று எண்ணிக்கொண்டு டீக்குத் தண்ணீர் வைத்தார்.

பெரிய வீடு அந்த வருஷம் முழுக்கக் கூரையில்லாமல் கிடந்தது. அடுத்த வருஷம் மருமகள் ஏணியில் ஏறிப் புதுத் தகரம் போட்டாள், கண்டக்டரம்மா கீழே நின்று போல்ட் எடுத்துக் கொடுத்தார். நர்ஸின் அண்ணன் குடும்பம் வாடகைக்கு வந்தது. சின்ன வீடு இரண்டு கூரையோடுதான் இருக்கிறது. மேல் கூரை வீட்டைவிடப் பெரியது, நாலு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கிறது. மழைக்கு ஒதுங்குகிறவர்களும் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்களும் அதன் அடியில் நிற்கிறார்கள். பென்சில் எழுத்தைப் பார்க்க வேண்டுமானால் இரண்டு கூரைக்கும் நடுவே டார்ச்சோடு தவழ்ந்து போக வேண்டும். மாதம் ஒரு தடவை இருவரும் முறைவைத்துப் போய்வருகிறார்கள். இந்த ஊர்க் கிளைக்கு மட்டும் கம்பெனி படிவத்தில் 'கூரைகளின் எண்ணிக்கை' என்று ஒரு வரி புதிதாகச் சேர்த்திருக்கிறது. அதற்குக் கீழே 'இரண்டாவது கூரை யாருடையது' என்று இன்னொரு வரி. வருஷா வருஷம் கண்டக்டரம்மா அதில் 'மகளுடையது' என்று எழுதி, பில்லின் நகலையும் சேர்த்து, ஜன்னலில் கிளிப் போட்டு மாட்டிவைக்கிறார். வருஷத்துக்கு மூன்று புயல் வருகிறது, குனிந்து வாசிக்கிறது, இரண்டு விசில் கேட்டதும் போய்விடுகிறது.